சண்டையில் ஜெயிக்கிறேன், ஆட்டத்தில் தோற்கிறேன்

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 23, டிப்ளமோ முடித்தவர், வீட்டில் விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் படகு கரையில் நிற்க, பகலெல்லாம் அப்பாவோடு வலை வேலை, படகுக்குப் பெயிண்ட், ராத்திரியானால் லேப்டாப். அவர் ஆடுவது டோட்டல் வார் ரோம் 2, பழைய ரோமானியக் காலத்துப் போரை வைத்த கம்ப்யூட்டர் ஆட்டம். டிவைட் எட் இம்பெரா என்பது அதன் மேல் ரசிகர்கள் செய்து போட்ட மாற்று வடிவம், அதைத்தான் மோட் என்கிறார்கள். கடிதத்தில் வருகிற கால் என்பது ரோமுக்கு வடக்கே இருந்த ஓர் இனம், பிரின்கிபெஸ் என்பது ரோமின் ரெண்டாம் வரிசைக் காலாட்படை. கடிதம் நீளம், முக்கியமான பகுதியை மட்டும் அவர் வார்த்தையிலேயே போடுகிறேன்.

"அண்ணே, டோட்டல் வார் ரோம் 2-ஐ ஹார்டுல வச்சு முடிச்சவன் நான். இந்த வருசம் தடைக்காலத்துக்குன்னு டிவைட் எட் இம்பெரா மோட் போட்டேன். ரோமை எடுத்து மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் நாசமாப் போச்சு. முதல் தடவை சிசிலியில படை கண்ணு முன்னாடியே கரைஞ்சு போச்சு. ரெண்டாவது தடவை போற சண்டையெல்லாம் ஜெயிச்சேன், கடைசியில சேக்குறதுக்கு ஆளே இல்ல. மூணாவது தடவை சண்டைக் கஷ்டத்தை வெரி ஹார்டுல வச்சேன், ஒண்ணுமில்லாத கால் பசங்க என் பிரின்கிபெஸை ஓட ஓட விரட்டுறானுங்க. மவுசைத் தூக்கிப் போட்டு உடைச்சுட்டேன், தங்கச்சிய சும்மா திட்டிட்டேன், அம்மா லேப்டாப்பை எடுத்து பீரோல வைக்கப் போறேங்குது. கூட விளையாடுற பசங்க, நார்மல்ல விளையாடுறதுக்கு பேசாம போன்ல விளையாடுடாங்குறானுங்க. மோட அழிச்சிடவா, இல்ல எனக்குத்தான் வரலையா?"

மூன்று ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கிறார். ரொம்ப நல்ல காரியம், அதை வைத்துத்தான் இந்தப் பதிலே எழுத முடிகிறது.

தம்பி, அழிக்க வேண்டாம். உங்களுக்கு வராமல் இல்லை. நீங்கள் பழைய ரோம் 2-ஐத்தான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், மோட் வேறு ஆட்டமாக மாறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அப்படி நான் சொன்னதும் நம்பிவிட வேண்டாம், உங்கள் படங்களிலேயே காட்டுகிறேன்.

அதற்கு முன்னால் என் வேலை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் சொல்லப்போவதெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. கேம் கம்பெனிகளில் கஷ்டத்தின் அளவைச் சரிபார்க்கிற வேலை என்னுடையது. ஆட்டம் வெளிவருவதற்கு முன்னால் ஆட்களைக் கூட்டி வந்து உட்காரவைத்து விளையாட விட்டு, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், எங்கே கையை எடுத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்வோம். இதில் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று உண்டு. ஒரு கட்டம் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக யாரும் எழுந்து போவதில்லை, பத்து தடவை தோற்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏன் தோற்றோம் என்று தெரியாமல் தோற்கும்போதுதான் எழுந்து போகிறார்கள், கோபமும் அப்போதுதான் வருகிறது. உங்கள் மவுஸ் உடைந்ததும் அதனால்தான். ஆகவே உங்களுக்கு இப்போது தேவை, மூன்று தோல்விக்கும் மூன்று காரணம். காரணம் கையில் வந்துவிட்டால் நாலாவது தடவை தோற்றாலும் வீட்டில் யாரையும் திட்டத் தோன்றாது.

முதல் படம், சிசிலி. முழுசாக 20 யூனிட், அதாவது 20 பிரிவு கொண்ட படை, ஒரு யூனிட்டும் சண்டையில் அடிபட்டதாகத் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் ஆள் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. படத்தில் பருவம் என்ன போட்டிருக்கிறது பாருங்கள். குளிர்காலம். சிசிலியின் மேற்கு ஓரத்து லிலிபேயம் ஊருக்கு வெளியே, எதிரி நாடான கார்த்தேஜின் மண்ணில் குளிர்காலத்தில் நிற்கிறீர்கள்.

பழைய ஆட்டத்தில் ஒரு டர்ன், அதாவது நாம் ஆடுகிற ஒரு சுற்று, ஒரு வருஷம். படையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு, எண்ட் டர்ன் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். இந்த மோடில் வருஷத்துக்கு நாலு டர்ன், அதாவது ஒரு டர்ன் மூன்று மாதம். படைக்குச் சாப்பாடு என்று தனியாக ஒரு கணக்கு வந்துவிட்டது. சொந்த மண்ணில் நின்றால் ஊர்க் களஞ்சியத்திலிருந்து வருகிறது, எதிரி மண்ணில் நின்றால் சுற்றியிருக்கிற வயலிலிருந்து பிடுங்கித் தின்ன வேண்டும், ரொம்ப நாள் ஒரே இடத்தில் நின்றால் அந்த வயலும் காலி. குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். சாப்பாடு தீர்ந்தால் ஆள் குறையும், மிச்சம் இருப்பவனுக்கும் தெம்பு இருக்காது.

உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. படகு கடலுக்குப் போகிற அன்றைக்கு எத்தனை பார் ஐஸ், எவ்வளவு டீசல், எத்தனை பேருக்கு அரிசி, எத்தனை கேன் தண்ணீர் என்று கரையிலேயே கணக்குப் போட்டு ஏற்றாமல் உங்கள் அப்பா நங்கூரம் தூக்குவாரா? வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் வடகடலில் போய் முன்யோசனை இல்லாமல் இறங்குவாரா? அந்த உணர்வு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, லேப்டாப்பைத் திறந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். படையெடுப்பை அப்படியே ஒரு தங்கல், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் கிளம்பு, கோடையில் ஊரைப் பிடி, இலையுதிர் காலத்துக்குள் பிடித்த ஊருக்குள் நுழைந்துகொள் அல்லது திரும்பி வா. இலையுதிர் காலம் பிறந்த பிறகும் ஊர் விழவில்லை என்றால் முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். வயிறு எரியும், பரவாயில்லை. முற்றுகையை விட்டு வந்த படையை அடுத்த வருஷம் திரும்ப அனுப்பலாம், கரைந்துபோன படையை என்ன செய்வீர்கள்?

சிசிலி தீவு என்பதால் இன்னும் ஒரு விஷயம். துறைமுகம் இருக்கிற ஊரை முதலில் எடுங்கள், கடல்வழியைக் காக்க ஒரு சின்னக் கப்பல்படை வையுங்கள். படையோடு சாமான் வண்டி யூனிட் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் எதிரி மண்ணில் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கலாம். ஒரு ஹஸ்தாட்டி (ரோமின் முன்வரிசைக் காலாட்படை) யூனிட்டுக்கான இடம் போகிறதே என்று எல்லோரும் முதலில் தயங்குவார்கள், தயங்காதீர்கள்.

இது ஏதோ மோட் செய்தவர்கள் நம்மைப் படுத்துவதற்காக வைத்த விதி என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துப் போரே இப்படித்தான் நடந்தது. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் கி.மு. 218-ல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் வந்து ரோமை அடி அடி என்று அடிக்கிறான், அடுத்த வருஷம் ரோமர்கள் ஃபேபியஸ் என்பவரைச் சர்வாதிகாரியாக உட்காரவைக்கிறார்கள். அந்த மனுஷன் நேருக்கு நேர் மோதவே மாட்டேன் என்றுவிட்டார். மலைமேல் நின்றபடி பின்னாலேயே போவது, தீவனம் தேடி வருகிற சின்னக் கூட்டங்களை அடிப்பது, ஹன்னிபால் வருகிற வழியில் வயலைக் கொளுத்திவிட்டு ஊரைக் காலி செய்யச் சொல்வது. ரோமிலேயே அவரைக் கோழை என்று ஏசினார்கள். மறு வருஷம் பொறுமை இழந்து கன்னேயில் போய் மோதினார்கள், ரோமின் வரலாற்றிலேயே மிக மோசமான தோல்விகளில் அது ஒன்று. அப்புறம் திரும்ப ஃபேபியஸ் வழிக்கே வந்தார்கள். ஹன்னிபால் இத்தாலியில் 15 வருஷம் கிடந்தும் ரோம் நகரத்தைப் பிடிக்க முடியவில்லை. அதே ஃபேபியஸ் வேலையை இந்த மோடில் நீங்களும் செய்யலாம், கம்ப்யூட்டரின் படை உங்கள் மண்ணில் நுழைந்தால் உடனே ஓடிப்போய் மோதாமல் ஊருக்குள் இருந்துகொண்டு ஒரு குளிர்காலத்தைக் கடத்திப் பாருங்கள்.

ரெண்டாவது படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சண்டையில் ஜெயித்த அறிவிப்பு பெரிதாக நிற்கிறது, கீழே ஆள் சேர்க்கிற பட்டியலில் நல்ல யூனிட் எல்லாம் மங்கிக் கிடக்கிறது. காசு இருக்கிறது, ஆள் இல்லை.

இந்த மோடில் ஒவ்வொரு ஊர்ப் பகுதிக்கும் மக்கள்தொகை உண்டு, அது நாலு வகுப்பாகப் பிரிந்திருக்கும். மேல் வகுப்பில் ஆள் கொஞ்சம், நல்ல குதிரைப்படை, நல்ல காலாட்படை எல்லாம் மேலே இருக்கிற வகுப்புகளிலிருந்துதான் வரும். ஒரு யூனிட் எடுத்தால் அத்தனை பேர் ஊரிலிருந்து கழிந்துவிடுவார்கள், செத்தால் செத்ததுதான், குறைந்த யூனிட்டை நிரப்பவும் அதே வகுப்பில் ஆள் வேண்டும். நீங்கள் ஜெயித்த ஒவ்வொரு சண்டையிலும் எத்தனை பேரை இழந்தீர்கள் என்று பார்த்தீர்களா? ஜெயித்தோம் என்ற எழுத்தைப் பார்த்ததும் அடுத்த பட்டனை அழுத்தியிருப்பீர்கள். இனிமேல் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எதிரி எத்தனை பேரை இழந்தான் என்பதைவிட நீங்கள் எத்தனை பேரை, எந்த வகுப்பில் இழந்தீர்கள் என்பதுதான் அடுத்த பத்து டர்னைத் தீர்மானிக்கும்.

கேம்பெயின், அதாவது நாட்டையே வளர்த்துக்கொண்டு போகிற முழு ஆட்டம், தொடங்குகிற வருஷம் கி.மு. 272. அந்த வருஷத்தில்தான் கிரேக்கப் பக்கத்து எபிரஸ் நாட்டு ராஜா பிரஸ் (Pyrrhus) ஆர்கோஸ் நகரத் தெருச்சண்டையில் செத்துப்போகிறான், தெற்கு இத்தாலியின் டாரெண்டம் நகரம் ரோமிடம் பணிகிறது. அதற்கு எட்டு வருஷம் முன்னால் சுமார் 25,000 பேரும் 20 யானையுமாகக் கடல் தாண்டி இத்தாலிக்கு வந்தவன் அவன். கி.மு. 280-ல் ஹெராக்ளியாவில் ஜெயித்தான், மறு வருஷம் அஸ்குலத்தில் ஜெயித்தான், ரெண்டிலும் தன்னோடு ஊரிலிருந்து வந்த நல்ல வீரர்களையும் தளபதிகளையும் பறிகொடுத்தான். அவனுக்கு ஈடுசெய்ய ஆள் இல்லை, ரோமுக்கோ இழக்க இழக்கப் புதிய ஆள் வந்துகொண்டே இருந்தது. கி.மு. 275-ல் பெனவெண்டம் சண்டைக்குப் பிறகு இத்தாலியை விட்டே போய்விட்டான். உங்கள் ரெண்டாவது கேம்பெயின் அச்சு அசல் பிரஸ் கதை. ரோமை எடுத்துக்கொண்டு பிரஸ் மாதிரி ஆடியிருக்கிறீர்கள், அதுதான் வேடிக்கை, ஏனென்றால் ரோமின் பலமே பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கிற ஆட்கள்தான்.

என்ன செய்யலாம்? மேல் வகுப்பு யூனிட்டை உயிரைப் போலப் பாதுகாத்து வைத்துக்கொள்ளுங்கள், முன்வரிசையில் கீழ் வகுப்பும் வெளியார் யூனிட்டும் நிற்கட்டும். புதிதாகப் பிடித்த ஊரில் உடனே அடுத்த ஊருக்குக் கிளம்பாமல் சில டர்ன் உட்காருங்கள், அங்கே கட்டடம் கட்டுங்கள், மக்கள் அமைதியானால் அங்கேயிருந்தே ஆள் வரும். ஒரு பெரும்போர் முடிந்தால் ஒரு வருஷமாவது பெரும்போர் வேண்டாம், அதாவது நாலு டர்ன். கேட்பதற்கு அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த நாலு டர்னில்தான் ரோம் வளரும். வரி, படைச் செலவு, ஊழல் இதெல்லாம் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, மெதுவாகப் போனால் பாதி தானாகவே சரியாகிவிடும்.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன், கூடவே உங்கள் நண்பர்கள் சொன்னதற்கும்.

ரோம் 2-ல் கஷ்ட அளவு ரெண்டு இடத்தில் இருக்கிறது, கேம்பெயினுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று. சண்டைக் கஷ்டத்தை நார்மலுக்கு மேலே ஏற்றினால் கம்ப்யூட்டர் புத்திசாலியாக ஆடத் தொடங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எதிரி வீரனுடைய மனவுறுதிக்கும் கைச்சண்டைத் திறனுக்கும் சும்மா எண்ணைக் கூட்டிக் கொடுக்கிறது. அதாவது வரலாற்றில் கவசமில்லாமல் ஓடிவந்த கால் இன இளைஞன், உங்கள் ஸ்கிரீனில் கவசம் போட்ட ரோமனுக்குச் சமமாக நிற்கிறான். அந்தப் பையன்களின் பலம் முதல் பாய்ச்சலில் இருக்க வேண்டும், அதைத் தாங்கிவிட்டால் தளர வேண்டும். அதைத்தான் மோட் செய்தவர்கள் யூனிட் யூனிட்டாக உட்கார்ந்து எடைபோட்டு வைத்திருக்கிறார்கள். வெரி ஹார்டு போட்டால் அந்த எடையெல்லாம் குலைந்துபோகும். கஷ்ட அளவு சரிபார்க்கிறவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன், நார்மலில் ஆடுவது கௌரவக் குறைச்சல் இல்லை, இந்த மோடை அது செய்யப்பட்டபடி ஆடுவது அதுதான். சாப்பாட்டாலும் ஆள் பற்றாக்குறையாலும் வருகிற கஷ்டத்தை யோசித்து வெல்லலாம், யோசிக்க யோசிக்க ஆட்டம் இனிக்கும். எதிரிக்கு எண்ணைக் கூட்டியதால் வருகிற கஷ்டத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கேம்பெயின் கஷ்டத்தை வேண்டுமானால் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள், இப்போது அதுவும் நார்மல். லெஜண்டரி பக்கமே போகாதீர்கள், அதில் நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது, சண்டையை நிறுத்திவைத்துக் கட்டளை கொடுக்கவும் முடியாது, கற்றுக்கொள்கிற ஆளுக்கு வேண்டிய ரெண்டையும் அது பிடுங்கிக்கொள்கிறது.

ஆனாலும் அந்தப் படத்தில் உங்கள் பக்கத் தப்பும் இருக்கிறது. பிரின்கிபெஸ் நாலு யூனிட்டையும் ஒரே நீளக் கோடாக இழுத்து வைத்திருக்கிறீர்கள், ரெண்டு ஓரத்திலும் காவல் இல்லை, யூனிட் எல்லாம் களைப்பில் இருக்கிறது. மேட்டைப் பார்த்து ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய ஆட்டத்தில் சண்டை சட்டென்று முடிந்துவிடும், களைப்பு பெரிதாகத் தெரியாது. இங்கே முன்வரிசைகள் வெகுநேரம் மல்லுக்கட்டும், ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு மோதுகிற யூனிட் பாதியிலேயே சரியும். நடக்கவிடுங்கள். முடிந்தால் நீங்கள் மேட்டில் நின்றுகொண்டு அவனை ஏறிவரச் செய்யுங்கள். ஹஸ்தாட்டி முன்னால், பிரின்கிபெஸ் பின்னால், அனுபவசாலி ஈட்டிப்படையான திரியாரி கடைசியில் ஓரங்களுக்குக் காவலாக, ஹஸ்தாட்டி தடுமாறத் தொடங்கியதும் பிரின்கிபெஸை அந்த இடத்துக்குள் தள்ளுங்கள். குதிரையை முன்பக்கம் மோதவிட்டு மறந்துவிடாதீர்கள், பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் ஒரு மோதல், உடனே வெளியே இழுப்பு, திரும்ப ஒரு மோதல். கேடயத்துக்கு நேராக எறிகிற ஈட்டி பெரும்பாலும் வீண், பக்கவாட்டிலிருந்து எறிந்தால் அதே ஈட்டி ஆளைச் சாய்க்கும். சண்டையை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனை வெட்கமில்லாமல் அழுத்துங்கள்.

சேவ் பற்றிக் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள், தோற்றால் லோடு பண்ணுவது ஏமாற்று வேலையா என்று. என் கருத்து இது. ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு சேவ் வையுங்கள். பெரிய சண்டை ஒன்றில் தோற்றால் அதை ஒரே ஒரு தடவை திரும்ப லோடு செய்யுங்கள், எங்கே உடைந்தது என்று பார்ப்பதற்காக மட்டும். மெதுவாக ஓடவிட்டு, எந்த யூனிட் முதலில் தளர்ந்தது, அப்போது அதன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள், "குளிர்காலம், சாப்பாடு இல்லை", "இடது ஓரம் திறந்து கிடந்தது" என்று, அவ்வளவு போதும். ஜெயிக்கும்வரை லோடு செய்துகொண்டே இருந்தால் ஏமாற்று என்பதைவிட, அதில் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்பதுதான் என் கவலை. ஆட்டத்தைச் சுலபமாக்குகிற துணை மோட்கள் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும், தப்பே இல்லை, ஆனால் ஒரு கேம்பெயினாவது இல்லாமல் ஆடிவிட்டு அப்புறம் எது உங்களுக்கு வேண்டாம் என்று தெரிந்து எடுங்கள்.

வீட்டு விஷயம். பகல் முழுக்க வெயிலில் படகு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெரும்போர் ஆடினால் யாருக்குத்தான் கோபம் வராது? தூக்கம் கெட்ட தலைக்கு முதலில் போவதே பொறுமைதான், இந்த மோடோ முழுக்கப் பொறுமையைத்தான் கேட்கிறது. பெரும்போர் வருகிற டர்னை ராத்திரி தொடங்காதீர்கள். ராத்திரியில் கட்டடம், வரி, ஆள் நகர்த்துவது மாதிரி வேலையை முடித்துவிட்டு, சண்டையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே சேவ் செய்து மூடிவிட்டுப் படுங்கள். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டபின் வெயில் தாழ்கிற வரைக்கும் கரையில் வேலை நடக்காது இல்லையா, அந்த நேரத்தில் அந்தச் சண்டையை ஆடுங்கள். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேளுங்கள், இதை நான் லேசாகச் சொல்லவில்லை, இன்றைக்கே கேளுங்கள். அம்மாவிடம் எத்தனை மணிக்கு மூடுவேன் என்று நீங்களாகவே ஒரு நேரம் சொல்லிவிடுங்கள், சொன்னபடி மூடுங்கள், பீரோ பேச்சு நின்றுவிடும்.

எகிப்து வரைக்கும் ரோமை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியிருந்தீர்கள், எனக்கும் அது பிடித்த ஆசை. இந்த ஆட்டத்தின் வரைபடம் நம் பக்கம் வரை வராது, ஆனால் நிஜத்தில் எகிப்து ரோம் கைக்குப் போன கி.மு. 30-க்குப் பிறகு செங்கடல் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் பெருகி நம் கரைகளுக்கு வந்தன. உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வைகை கடலோடு சேருகிற பக்கம் அழகன்குளம் இருக்கிறதே, அங்கே தோண்டியபோது ரோமக் காசும், மது கொண்டுவந்த சாடிகளின் ஓடும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. ஒரு நாள் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். எகிப்துக்கு ரோம் போய்ச் சேர நிஜத்திலேயே கி.மு. 272-லிருந்து 240 வருஷத்துக்கு மேல் ஆனது என்று அவர்களிடம் சொல்லுங்கள், முப்பது டர்னில் முடிக்கப் பார்த்த உங்கள் அவசரத்தையும் அதோடு சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலாவது கேம்பெயினுக்கு ரோமையே எடுங்கள், வேறு நாட்டுக்கு மாறினால் இதுவரை கற்றது வீணாகும். ரெண்டு கஷ்ட அளவும் நார்மல். தெற்கு இத்தாலி முழுசாக அமைதியாகும்வரை கடல் தாண்ட வேண்டாம். கடல் தாண்டுவது வசந்தத்தில் மட்டும், சாமான் வண்டியோடு. கார்த்தேஜோடு முதல் குளிர்காலம் முடிந்ததும் ஆள் எண்ணிக்கை தெரிகிற மாதிரி ஒரு படமும், உங்கள் நோட்டுப் பக்கத்தின் படமும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்து எங்கே போகலாம் என்று சொல்கிறேன்.